பெயர் போட விட்ட இடம்

தமிழ்நாட்டில் தினந்தவறாமல் வாசிக்கப்படுகிற அச்சுத் தாள் எது என்று கேட்டால், படித்தவர்கள் ஏதாவது ஒரு பத்திரிகையின் பெயரைச் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. சுவரில் ஆணியில் தொங்குகிறதே தினசரிக் காலண்டர், அதன் தாள்தான் அது. பத்திரிகை வாங்காத வீடு எத்தனையோ உண்டு. காலண்டர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காலையில் எழுந்ததும் நேற்றைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, ராகு காலம், எமகண்டம், திதி, நட்சத்திரம் பார்த்து, நம் ராசிக்கு இன்றைக்கு லாபமா அலைச்சலா என்று தெரிந்துகொண்டு, அடியில் இருக்கிற பொன்மொழியிலும் ஒரு கண்ணை ஓட்டிவிட்டுத்தான் பலர் பல் விளக்கவே போகிறார்கள். உள்ளங்கை அகலத் தாளில் இவ்வளவையும் அடக்குவது லேசான காரியமில்லை. வார்த்தைச் சிக்கனத்தில் நம் சிறுகதை ஆசிரியர்கள் சிலர் இந்தத் தாளிடம் பாடம் கேட்கலாம்.

இதை எழுதியவர் யார்? பெயர் கிடையாது. ஆனால் அட்டையில், முருகனுக்கோ லட்சுமிக்கோ அடியில், கொட்டை எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். அது நகைக் கடையின் பெயர். இல்லாவிட்டால் ஜவுளிக் கடை, அரிசி மண்டி, கூட்டுறவு பாங்கி. அச்சிட்ட ஊர் பெரும்பாலும் சிவகாசியாக இருக்கும். அந்த ஊரின் பெயரைக் காண வேண்டுமானால் மூலையில் எறும்பு ஊர்வதுபோல ஏதாவது தெரிகிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றங்கரைக்காரர்கள் சித்திரான்னம் கட்டிக்கொண்டு போகிறார்கள். ஆறில்லாத சிவகாசியில் அன்றைக்கு அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளிவருகிறது. பெரிய புத்தகம், பக்கத்துக்கு ஒரு மாதிரி. ஏஜண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். கடைக்காரர் புரட்டிப் பார்த்து, "இந்தப் பிள்ளையாரே இருக்கட்டும், ஆயிரம் போடுங்கள்" என்பார். எல்லா மாதிரியிலும் படத்துக்கு அடியில் ஒரு வெள்ளை இடம் விட்டிருக்கும். அதுதான் அந்த வியாபாரத்தின் உயிர்நிலை. படம் எவ்வளவு அழகாயிருந்தாலும் சரி, அந்த இடத்தில் யார் பெயர் ஏறப்போகிறது என்பதற்காகத்தான் பணம் கைமாறுகிறது. சிவகாசி தன் சாமர்த்தியத்தையெல்லாம் காட்டி அச்சடித்து, கடைசியில் பிறத்தியார் பெயருக்கு இடம் ஒழித்துவிடுகிறது.

இதில் தப்பு ஒன்றுமில்லை. வியாபாரம் அப்படித்தான் நடக்கும். ஆனால் எழுதிப் பிழைக்கிறவன் அந்த ஊர்த் தெருவில் நடந்துபோகும்போது, இரு பக்கமும் இயந்திரம் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, ஒரு கேள்வியையும் சுமந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது. இத்தனை இயந்திரம், இத்தனை மை, இத்தனை பழகிய கைகள், கையில் முதல் உள்ள முதலாளிகள். இப்படிப்பட்ட ஊர் தமிழுக்கு ஏன் ஒரு பெரிய பிரசுராலயத்தைத் தரவில்லை?

ஊரின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு, மறு வருஷம் திரும்பி வந்து தொடங்கினார்கள். வானம் பார்த்த பூமி. மழை பொய்க்கிற சீமை. விவசாயிக்குச் சாபமான அந்தக் காய்ச்சல், மருந்துக்கும் காகிதத்துக்கும் வரமாக வாய்த்தது. தீப்பெட்டி வந்தால் லேபில் வேண்டும். லேபிலுக்காக அச்சு வந்தது. பிறகு பட்டாசு வந்தது, அதற்கும் வர்ணத் தாள் வேண்டியிருந்தது. முதலில் கல் அச்சு, பின்னால் ஆப்செட். இப்படி ஒன்றைத் தொட்டு ஒன்றாக வளர்ந்து, நாடு முழுவதற்கும் காலண்டரும் டைரியும் நோட்டுப் புத்தகமும் அடிக்கிற ஊராயிற்று. கெட்டிக்காரர்களின் ஊர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் கேட்கிறேன்.

"அச்சாபீஸ் வேறு, பிரசுரம் வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பாதே" என்று சிலர் சொல்வார்கள். நியாயம். 1867-ஆம் வருஷத்துச் சட்டமே, ஒவ்வொரு புத்தகத்திலும் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருக்கவேண்டும் என்று இரண்டையும் பிரித்துத்தான் விதித்தது. ஆனால் ஒன்று மற்றொன்றாக மாறியதே இல்லையா? மாறியிருக்கிறது. அதைப் பார்க்கச் சீன தேசத்துக்கு, ஷாங்காய் நகரத்துக்குப் போக வேண்டும்.

1897-ல் அந்த நகரத்தில் நாலு பேர் சேர்ந்து சின்ன அச்சாபீஸ் ஒன்றைத் திறந்தார்கள். ஷியா ருயிபாங் என்பவர் அவர்களில் முக்கியமானவர். வெள்ளைக்காரர் நடத்திய இங்கிலீஷ் பத்திரிகையில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவர். அங்கே நடத்தப்பட்ட விதம் பொறுக்காமல் வெளியே வந்தவர். கூட்டாளிகளும் மிஷன் பள்ளிக்கூடத்தோடும் மிஷன் அச்சகத்தோடும் சம்பந்தப்பட்டவர்கள். அவர்கள் அடித்ததெல்லாம் பில் புத்தகம், கணக்கு நோட்டு, விளம்பரத் துண்டு. அதற்கேற்ற மாதிரி 'கமர்ஷியல் பிரஸ்' என்றே பெயர் வைத்தார்கள். அதாவது சிவகாசியில் எந்தச் சந்தில் வைத்தாலும் பொருந்தக்கூடிய அச்சாபீஸ்.

அவர்கள் கையில் முதலில் ஓடிய சரக்கு எது தெரியுமா? இந்தியப் பிள்ளைகளுக்காக இங்கிலீஷ்காரர்கள் தயாரித்திருந்த ஆரம்ப இங்கிலீஷ் வாசகம். நம் நாட்டுக்காக உண்டான அந்தப் பாடப் புத்தகத்தை எடுத்து, சீன மொழியில் அர்த்தம் எழுதச் செய்து 1898-ல் வெளியிட்டார்கள். ஷாங்காயில் இங்கிலீஷ் தெரிந்தால் வேலை கிடைக்கும் என்ற காலம். புத்தகம் சக்கைப்போடு போட்டது. நம்மை வைத்துப் பாடம் படித்து அவர்கள் முன்னுக்கு வந்தார்கள் என்று பெருமைப்படலாமா, வயிறெரியலாமா என்பதை வாசகருக்கே விட்டுவிடுகிறேன்.

இதுவரைக்கும் அது வெறும் வியாபாரக் கெட்டிக்காரத்தனந்தான். திருப்பம் அடுத்தபடி வந்தது. ஜப்பானிய மொழியிலிருந்து பெயர்த்த புத்தகங்களுக்கு அப்போது கிராக்கி. ஷியா அப்படிப்பட்ட மொழிபெயர்ப்புகளைப் பணம் கொடுத்து வாங்கி அச்சடித்தார். விற்கவில்லை. என்னவென்று பார்த்தால், மொழிபெயர்ப்பு படு மோசம். எழுத்துக் கோக்கத் தெரிந்த அந்த மனிதருக்குப் பிரதியின் தராதரம் பார்க்கத் தெரியாது. தெரியாது என்பது தெரிந்த உடனே, தெரிந்தவர் ஒருவரைத் தேடிப் போனார். அங்கேதான் அவருடைய மேதை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நம் முதலாளிகளானால் நஷ்டத்தைக் கணக்கில் எழுதிவிட்டு, புஸ்தகமே ராசியில்லை என்று தலைமுழுகியிருப்பார்கள்.

அவர் தேடிப் போன ஆள் ஜாங் யுவான்ஜி. அரசாங்கத்தின் மிக உயர்ந்த பரீட்சைகளில் தேறியவர். 1898-ல் சீர்திருத்தக்காரர்களுடன் நின்றதற்காகப் பதவி பறிக்கப்பட்டு ஷாங்காய்க்கு வந்தவர். அந்தப் பெரிய பண்டிதரை ஒரு கம்பாஸிட்டர் கூப்பிடுகிறார், பண்டிதரும் வருகிறார். 1902, 1903 வாக்கில் அந்த அச்சாபீஸில் பிரதிகளைப் படிக்கவும் திருத்தவும் எழுதிக்கொடுக்கவும் தனியாக ஓர் இலாகா ஏற்பட்டது. ஒரு பக்கம் புத்தகம் எழுதுகிறவர்கள், மறு பக்கம் அச்சடிக்கிறவர்கள். 1904-ல் புதிய பாடப் புத்தக வரிசை. அதே வருஷம் 'கிழக்கு' என்று பொருள்படும் பெயரோடு ஒரு சஞ்சிகை. 1908-ல் தொடங்கிய பெரிய அகராதி 1915-ல் வெளிவந்தது. கணக்கு நோட்டு அடித்த இடம் ஒரு தேசத்துக்கே பள்ளிக்கூடமாக ஆயிற்று. ஷியா அதை முழுக்கப் பார்க்கவில்லை. 1914 ஜனவரியில் தம் கம்பெனி வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த இலாகாவின் நாற்காலிகளில் உட்கார்ந்தவர்களைப் பாருங்கள். 1916-ல் இருபது வயதுப் பையனாக வந்து சேர்ந்தவர் பிற்காலத்தில் மாவோ துன் என்று பெயர் பெற்ற நாவலாசிரியர். 1921-ல் அந்த ஸ்தாபனத்தின் சிறுகதை மாத இதழ் அவர் கைக்கு வந்தது. சீனப் புது இலக்கியத்துக்கு அது மேடையாயிற்று. அங்கிருந்து கோபித்துக்கொண்டோ ஆசைப்பட்டோ வெளியேறியவர்கள் போட்டிப் பிரசுராலயங்களை ஆரம்பித்தார்கள். 1912-ல் தோன்றிய ஜோங்ஹுவா அப்படி வந்தது. 1926-ல் தோன்றிய கைமிங்கும் அப்படித்தான். ஒரு நாற்காலி போட்டால் அதிலிருந்து எழுந்து போகிறவனும் ஒரு கடை வைக்கிறான்.

மாவோ துன்னை இங்கே இழுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1933-ல் வெளிவந்த அவருடைய 'நள்ளிரவு' நாவல் ஷாங்காய் முதலாளிகளைப் பற்றியது. பட்டு ஆலைக்காரர்தான் கதாநாயகர். ஆனால் சிவகாசிப் பக்கத்து வாசகர் அதைப் படித்தால் கண் நிற்கிற பாத்திரம் வேறு. ஜோ ஜோங்வெய் என்று ஒரு தீப்பெட்டி ஆலை முதலாளி வருகிறார். சிரிக்கப் பேசுகிறவர், கடனில் மூழ்குகிறவர். ஸ்வீடன் தீப்பெட்டியும் ஜப்பான் தீப்பெட்டியும் இரண்டு பக்கமும் நெருக்க, கடைசியில் தம் ஆலையிலேயே ஜப்பான்காரனின் முதலுக்குப் பொம்மை முதலாளியாக நிற்கிறார். நம் சிவகாசிக்காரர்களும் இதே ஸ்வீடன் கம்பெனியின் இந்தியக் கிளையான விம்கோவோடு மல்லுக்கு நின்றவர்கள்தாம். இயந்திரத்தில் அடித்த தீப்பெட்டியை, கையால் ஒட்டிய தீப்பெட்டி எதிர்த்து நின்றது, விழவில்லை. 1934-ல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தபோதும் விழவில்லை. அந்தப் போராட்டம் நாவலுக்கு எவ்வளவு பெரிய வஸ்து! நம்மிடம் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் குழந்தைகளின் கண்ணீர் இலக்கியமாகியிருக்கிறது. பூமணி 1990-களில் 'கருவேலம் பூக்கள்' என்று படமாகவே எடுத்தார். அது அவசியமான காரியம். ஆனால் குழந்தையைப் பஸ்ஸில் ஏற்றி அழைத்துப்போன ஏஜண்டு, அவனுக்கு முன்பணம் கொடுத்த முதலாளி, முதலாளிக்குக் கடன் கொடுத்த பாங்கி, எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்துப் பேசவிட வேண்டுமென்றால் மாவோ துன்னிடம்தான் போகவேண்டியிருக்கிறது. வியாபாரிகளோடு ஒரே கட்டடத்தில் சம்பளம் வாங்கியவருக்கு அந்த உலகத்தின் பாஷை காதில் விழுந்திருக்கும்.

நம் பக்கத்தில் எழுதுகிற ஆளுக்குப் பஞ்சமா? கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்கிற ஒரே சின்னக் கிராமம் கு. அழகிரிசாமியையும் கி. ராஜநாராயணனையும் கொடுத்தது. அந்த வட்டாரத்திலிருந்துதான் பூமணி, சோ. தர்மன், கோணங்கி வந்தார்கள். விருதுநகர் மாவட்டத்திலேயே மேலாண்மறைநாட்டில் சிறு கடை வைத்துக்கொண்டு மேலாண்மை பொன்னுச்சாமி கதை எழுதினார், மல்லாங்கிணற்றிலிருந்து எஸ். ராமகிருஷ்ணன் வந்தார். இவர்களில் பலர் சாகித்திய அக்காதெமிப் பரிசு வாங்கியவர்கள். கரிசல் மண்ணில் பருத்திக்கும் மிளகாய்க்கும் அடுத்தபடி நன்றாக விளைந்தது கதைதான் என்று சொன்னால் மிகையில்லை. பருத்தி வந்து இறங்க விருதுநகர் இருந்தது. இன்றைக்கும் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று பருப்பு விலையையும் எண்ணெய் விலையையும் பத்திரிகைகள் போடுகின்றன. கதை வந்து இறங்க ஒரு மண்டி அங்கே ஏற்படவில்லை. பிரதியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போனார்கள். கவிஞர் மீரா சிவகங்கையில் 'அன்னம்' நடத்தியபோது அங்கே போனார்கள். சிவகங்கையில் சிவகாசியின் அச்சு வசதியில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. ஒரு மனிதர் இருந்தார், அவ்வளவுதான்.

சிவகாசிக்காரர்களின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அச்சக முதலாளி ஒருவரிடம் இந்த விஷயத்தைப் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "அண்ணாச்சி, நீங்களே புஸ்தகம் போட்டால் என்ன?" என்றேன்.

அவர் சிரித்தார். "சார், காலண்டர் டிசம்பர் முப்பத்தொண்ணோட செத்துப்போகும். அதனாலதான் மறுவருஷமும் ஆர்டர் வருது. தீக்குச்சியும் அப்படித்தான், வெடியும் அப்படித்தான். புஸ்தகம் சாகாதே சார்! வித்தாலும் வீட்ல கிடக்கும், விக்காட்டா எங்க குடோன்ல கிடக்கும்" என்றார்.

இதைவிடத் தெளிவாகப் பிரசுரத் தொழிலின் கஷ்டத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவர் சொல்வதில் இன்னொரு உண்மையும் உண்டு. காலண்டருக்கு முன்பணம் வருகிறது. புத்தகத்துக்குக் கடைக்காரர் விற்ற பிறகு, மனசு வந்தால், பணம் வரும். நூலக ஆர்டர் எப்போது வரும், வராது என்று தெரிய சென்னையில் ஆள் வேண்டும். ஷாங்காயோடு ஒப்பிடும்போது மறக்கக் கூடாத வித்தியாசமும் ஒன்று இருக்கிறது. 1905-ல் சீன அரசாங்கம் பழைய பரீட்சை முறையை எடுத்துவிட்டது. புதுப் பள்ளிக்கூடங்கள் முளைத்தன; புதுப் பாடப் புத்தகத்துக்கு வழியில் தடை இல்லை. கமர்ஷியல் பிரஸ்ஸின் அகராதிக்கும் சஞ்சிகைக்கும் சோறு போட்டது அந்தப் பாடப் புத்தக லாபந்தான். தமிழ்நாட்டிலோ 1970-ல் பாடநூல் நிறுவனத்தை அரசாங்கமே ஏற்படுத்திக்கொண்டது. ஏழைப் பிள்ளைகளுக்கு அதனால் நன்மைதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கதவு தனியார் பிரசுரகர்த்தருக்குப் பெரும்பாலும் சாத்தப்பட்டது. சிவகாசி அச்சகங்களுக்கு அந்தப் புத்தகங்களை அடித்துக் கொடுக்கிற வேலை கிடைத்தது. மறுபடியும் பிறத்தியார் பெயருக்கு அச்சு.

1970-க்கு முந்திய நாற்பது வருஷம் கதவு திறந்துதானே இருந்தது என்று நான் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. அவருடைய தாத்தாவிடம் இருந்திருக்கலாம்.

நான் இதுவரை சொன்னதற்கு இரண்டு விலக்குகள் இருக்கின்றன. இரண்டும் என் கட்சியைத்தான் பலப்படுத்துகின்றன.

ஒன்று, கொண்டைய ராஜு. 1898-ல் பிறந்து 1976-ல் காலமான இந்த ஓவியர் கோவில்பட்டியில் இருந்துகொண்டு நாடகத் திரைச்சீலை எழுதினார். பிறகு சிவகாசிக் காலண்டருக்குத் தெய்வங்களை எழுதினார். டி. எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் முதலிய சிஷ்யர்கள் ஒரு பரம்பரையாகவே வளர்ந்தார்கள். தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறைக்குச் சரஸ்வதியின் முகம் என்ன, முருகனின் சிரிப்பு என்ன என்று தீர்மானித்தவர்கள் இவர்கள். உயர்ந்த கலை என்று மண்டபம் கட்டி வைத்திருக்கிறவர்கள் இந்தப் படங்களைப் பார்த்து முகம் சுளித்தார்கள். பிறகு வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் வந்து புத்தகம் எழுதிய பின்னால், அதே ஆசாமிகள் கண்ணாடி போட்டு மாட்டத் தொடங்கினார்கள். எனக்கு அவற்றில் பிடிக்காத சங்கதியும் உண்டு. எல்லாத் தெய்வத்துக்கும் ஒரே கன்னம், ஒரே ரோஜா நிறம். ஆனால் படத்தின் மூலையில் கையெழுத்து இருக்கிறது. அடியில் கடைக்காரர் பெயருக்கு எவ்வளவு வெள்ளை இடம் விட்டிருந்தாலும், எழுதியவன் பெயர் உள்ளே இருக்கிறது. சித்திரக்காரனுக்கு அந்த ஊர் கொடுத்த இடத்தை எழுத்துக்காரனுக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

இரண்டாவது விலக்கைச் சொன்னால் பண்டிதர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 1972-ல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' என்ற படக்கதைப் புத்தகத்தைத் தொடங்கினார். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'; இங்கிலாந்துப் படக்கதையின் தமிழ் வடிவம். 1984-ல் அவர் மகன் விஜயன் 'லயன் காமிக்ஸ்' ஆரம்பித்தார். பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி என்று எங்கெங்கோ உரிமை வாங்கி, இன்றுவரை அந்த ஊரிலிருந்தே தமிழில் வெளியிட்டு வருகிறார்கள். குழந்தைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கினோம். அந்தக் குழந்தைகள் ஐம்பது வயது தாண்டியும் சந்தா கட்டி வாங்குகிறார்கள்.

இதில் என்னைக் கவர்ந்தது கதைகளைவிட ஆசிரியர் பக்கம். இந்தக் கதையை ஏன் எடுத்தோம், அதை ஏன் விட்டோம், இந்த மாதம் ஏன் தாமதம், போன இதழில் எங்கே சறுக்கினோம் என்று வாசகரோடு பக்கம் பக்கமாகப் பேச்சு. வாசகர்களும் சும்மா விடுவதில்லை. மொழிபெயர்ப்பில் ஒரு வார்த்தைக்குச் சண்டைக்கு வருகிறார்கள். 'பெயர்ப்புதானே, சொந்தச் சரக்கு எங்கே?' என்று கேட்கிறவர்களுக்கு ஷாங்காயையே மறுபடி காட்டுவேன். லின் ஷு என்பவர் அந்நிய பாஷை ஒன்றும் தெரியாதவர். பிறர் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல அழகான பழைய சீன நடையில் நாவல் நாவலாக எழுதித் தள்ளினார். அவற்றில் பெரும்பாலானவற்றைக் கமர்ஷியல் பிரஸ்தான் போட்டது. மாவோ துன் தலைமுறை அதைப் படித்து வளர்ந்து, அவரையே கண்டித்துவிட்டுச் சொந்தமாக எழுத உட்கார்ந்தது.

படக்கதை அடிக்கத் தேவையான இயந்திரம் சிவகாசியில் தெருவுக்குப் பத்து இருந்தது. 1972-லும் 1984-லும் அங்கே புதிதாக வந்து சேர்ந்தது, 'இதைப் போடலாம், இதைப் போடக் கூடாது' என்று சொல்லி அந்தத் தீர்ப்பின் கீழே தன் பெயரைப் போட்டுக்கொள்ளத் துணிந்த ஆள். ஷாங்காயில் ஜாங் யுவான்ஜி வந்து உட்கார்ந்த நாற்காலி அதே நாற்காலிதான். அளவு சின்னது, அவ்வளவே.

கமர்ஷியல் பிரஸ்ஸின் கதையில் ஒரு பாகம் பாக்கி இருக்கிறது. 1932 ஜனவரி 29-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஷாங்காயின் ஜாபெய் பகுதியில் குண்டு போட்டன. அந்த அச்சகம் எரிந்தது. மூன்று நாள் கழித்து, ஜாங் யுவான்ஜி வருஷக்கணக்காகத் தேடித் தேடிச் சேர்த்த நூலகமும் எரிந்தது. நாலு லட்சத்துக்கு மேற்பட்ட நூல்கள். காகிதச் சாம்பல் ஊரெல்லாம் பறந்தது. சிறுகதை இதழில் அச்சாகக் காத்திருந்த 'நள்ளிரவு' நாவலின் ஆரம்பப் பகுதியும் அதோடு போயிற்று. நல்லவேளை, எரிந்தது மனைவி பெயர்த்தெழுதிக் கொடுத்த நகல். மூலம் மாவோ துன்னின் வீட்டில் இருந்தது.

அச்சு இயந்திரம் போனால் வேறு இயந்திரம் இறக்கலாம். அதை அவர்களும் செய்தார்கள். ஆறு மாதத்தில், அந்த வருஷம் ஆகஸ்ட் முதல் தேதி, கடையை மறுபடி திறந்தார்கள். நவம்பரிலிருந்து தினம் ஒரு புதுப் புத்தகம் என்று திட்டம் போட்டார்கள். தினம் ஒரு புத்தகம் போட வேண்டுமானால் தினம் ஒரு பிரதியைப் படித்து முடிவு சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆட்கள் எரியாமல் இருந்தார்கள்.

நம் அண்ணாச்சியிடம் இதையும் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து அடுத்த வருஷத்து ஆல்பத்தை எடுத்து என் முன்னால் வைத்து, "இதுல எந்த மாடல் சார் உங்களுக்குப் பிடிச்சிருக்கு?" என்றார். ஒரு மீனாட்சியைக் காட்டினேன். "நூறு போட்டுத் தர்றேன், அடியில உங்க நாவல் பேரைப் போட்டுக்கிடுங்க" என்றார். நிஜமாகவே சொன்னார்; விலையும் மலிவாகத்தான் சொன்னார்.